சுண்ணாம்பு அடித்த கல்லும் ஒரு நியூ ஜெர்சி ஊரின் பிறப்பும்

நியூ ஜெர்சிக்குப் போகும் நம் ஆட்கள் சுதந்திர தேவி சிலை, நயாகரா என்று ஓடுவார்கள். அதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது யாரும் போகாத ஒரு குட்டி ஊரைப் பற்றி. 2001 மே மாதம், ஒரு சனிக்கிழமை போனோம். சுற்றிப் பார்க்க இல்லை, எங்கள் மகனிடம் விடைபெற.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலை போனால் விசாவும் போச்சு. க்ரீன் கார்டு விண்ணப்பமும் கூடவே படுத்துவிட்டது. அடுத்த வாரம் சென்னைக்கு விமானம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் குடியிருந்தபோது பிறந்து, இரண்டே நாள் இருந்த எங்கள் பையன் அங்கேதான் கிடக்கிறான். அவன் அமெரிக்கக் குடிமகன். எங்கள் குடும்பத்தில் அந்த நாட்டில் தங்க உரிமை உள்ள ஒரே ஆள்.

என் மனைவி ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. அங்கே நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிற கல்லறை இருந்தால் அதற்கும் சேர்த்தே செய்வாள் அவள் அம்மா. அமெரிக்காவில் எங்களால் முடிந்தது குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு பூங்கொத்து வைப்பதுதான்.

"இந்த ஒரு தடவையாச்சும் எல்லாத்தையும் முறையா பண்ணிடுவோங்க. நவம்பர்ல நாம இருக்க மாட்டோம்" என்றாள்.

வெஸ்ட் வின்ட்சரிலிருந்து காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். இருபது மைல், முக்கால் மணி நேரம். ஃப்ரீவே கிடையாது, சோளக் காடும் குதிரைப் பண்ணையும்தான். வழியில் ஒரு தோட்டக் கடையில் புல்வெளிக்குத் தூவும் சுண்ணாம்பு ஒரு மூட்டை வாங்கினோம். வேறு சைஸ் இல்லையாம். எங்களுக்கு வேண்டியது ஒரு கைப்பிடி.

இந்த மாதிரி ஊரை அங்கே 'பரோ' என்பார்கள். ஒரு மைல் நீளம், அதற்குத் தனி மேயர், தனி போலீஸ். நுழைந்ததும் ஒரு பலகை, ஊர் தோன்றிய கதையைப் பெருமையாகச் சொல்கிறது. கப்பலில் வந்தவர்கள், காட்டை வெட்டியவர்கள், மாவு மில் கட்டியவர்கள். அதற்கு முன்னால் காலங்காலமாக அங்கே வாழ்ந்த லெனாப்பே மக்களுக்குக் கடைசியில் ஒரு வரி. வந்தவர்கள் யாரிடம் பேப்பர் காட்டினார்களோ!

கல்லறைத் தோட்டம் பலகைக்குப் பின்னால். பழைய மூலையில் பெரியவர்களைப் புதைக்க இடம் இல்லை. கற்களுக்கு நடுவே மிஞ்சிய சந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் பையனுடையது தரையோடு தரையாக ஒரு சின்னக் கல். அவனுக்கு இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் ஒரு பழுப்புக் கல், எழுத்தெல்லாம் தேய்ந்து போனது. ஜெசிந்தா புல்லைப் பிடுங்கினாள், கல்லைக் கழுவினாள், வாளியில் கரைத்த சுண்ணாம்பைப் பூசினாள். பிறகு சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதே என்று பழுப்புக் கல்லுக்கும் ஒரு பூச்சு. எனக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

எதிர்வீடு ஊரின் மியூசியம். அதிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது, அழுதுவிடுவார் போலிருந்தது. அது இந்த ஊரிலேயே பழைய கல்லாம். தொட்டாலே உதிருமாம், நிபுணர் வந்துதான் கழுவ வேண்டுமாம். நான் மன்னிப்புக் கேட்டேன். ஜெசிந்தா, "யார் கல்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அந்தக் கேள்வியில் அம்மாளின் கோபம் இறங்கிவிட்டது.

முதலில் வந்த குடும்பங்களுக்கு இங்கே தங்கும் எண்ணமே இல்லையாம். இன்னும் மேற்கே போகிற வழியில் ஆற்றோரம் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே ஒரு கைக்குழந்தை இறந்துபோய்விட்டது. புதைத்துவிட்டுக் கிளம்பலாம் என்றால், தாய் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காகக் கணவன் குடிசை போட்டான், அவனுக்காக அண்ணன் தம்பிகள் நின்றார்கள். பிறகு மில், சர்ச், ஊர். "இந்தக் குழந்தை இல்லையென்றால் நாங்கள் யாருமே இங்கே இல்லை" என்றார் அந்த அம்மாள்.

ஜெசிந்தா சேறான கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவ புள்ளைய விட்டுட்டு வர மாட்டேன்னா, ஒரு ஊரே உண்டாயிட்டு. நான் சொன்னா?"

என்ன சொன்னாள் என்று அந்த அம்மாள் கேட்டார். கதை நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லி வைத்தேன். நவம்பரில் எங்கள் பையனுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற முடியுமா என்று ஜெசிந்தா அவரிடமே கேட்டாள். நல்ல மனுஷிதான், சங்கடத்தோடு சொன்னார்: கல்லறைத் தோட்டத்தில் நெருப்பு கூடாது, விதி. பையன் கல்லின் முன் நாங்கள் ஏற்றியிருந்த இரண்டு மெழுகுவர்த்தியையும் நானே ஊதி அணைத்தேன். மியூசியத்துக்கு வரச் சொல்லி அழைத்தார், கட்டணம் இரண்டு டாலர். போகவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டிய சரித்திரம் எதுவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பஸ், ரயில் கிடையாது, கார் வேண்டும். மியூசியம் அப்போது சனிக்கிழமை மட்டும் திறந்திருந்தது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே கிடைப்பது காய்ந்த சாண்ட்விச். பழைய கற்களைத் தயவுசெய்து தொடாதீர்கள், சுண்ணாம்பை நினைக்கவே நினைக்காதீர்கள். ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை, நிஜமாகப் போகிறவர்கள் கேட்டால் சொல்கிறேன்.

நவம்பரில் போனால் பூ மட்டும் வைக்க விடுவார்கள். பழுப்புக் கல்லுக்கு எல்லாரும் வைப்பார்கள், ஊரே அதைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு வலப்பக்கம் தரையைப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் புல் மூடியிருக்கும். கையால் கொஞ்சம் விலக்கினால் எங்கள் பையன் பெயர் தெரியும்.