எங்கள் வாசலில் நின்ற இன்னொருத்தி

போன வருஷம் மழை பிடித்த முதல் வாரம். மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் பர்மிஷன் சொல்லிவிட்டு, குடையும் ஃபைலுமாக ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். வீட்டுக் கடனுக்கு மனு கொடுத்திருந்தோம். கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் அப்போது மாட்டுங்கா லேபர் கேம்பில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஒரு ரூம், அதுதான் எங்களுடையது. மேலே இரும்பு ஏணி வைத்து ஏறுகிற இன்னொரு ரூம், அது எங்கள் காலத்தில் கோடவுனாகக் கிடந்தது. ரூம்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டதால், கிறிஸ்துமஸுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகள் பத்தாம் வகுப்பு. இனி வாடகைக்கு அலைய வேண்டாம் என்று, அம்பர்நாத்தில் ஒரு சின்ன ஃப்ளாட் பார்த்து, என் கழுத்துச் செயினை விற்று டோக்கன் கொடுத்திருந்தோம். குறிப்பிட்ட தேதிக்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் டோக்கன் திரும்ப வராது. வீட்டுக்காரருக்கு வடாலா ஒர்க்ஷாப்பில் சம்பளச் சீட்டே கிடையாது. அதனால் கடன் என் பெயரில்தான்.

வங்கியில் இருந்த பெண் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். என் கிரெடிட் ஸ்கோர் கடன் கொடுக்கிற நிலையில் இல்லை என்றாள். நான் ஒரு குழுக் கடன் வாங்கிப் பாதியில் கட்டாமல் விட்டுவிட்டேனாம். கடன் கொடுத்த கம்பெனி அதை வராக்கடன் என்று எழுதியே விட்டதாம். நான் வாழ்க்கையில் தவணைக்கு வாங்கிய ஒரே பொருள் வாஷிங் மெஷின்தான். அதை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் சொன்னேன். முழு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், தப்பு என்றால் ஆட்சேபம் போடுங்கள் என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். என் காதில் எதுவும் ஏறவில்லை. செயின் போச்சு, வீடு போச்சு என்பது மட்டும்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “தம்பிக்கு எதும் எடுத்துக் குடுத்தியா?” என்றார். இல்லை என்றேன். அவர் அப்புறம் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். எங்கள் சந்தில் புருஷனுக்குத் தெரியாமல் பிறந்த வீட்டுக்குக் கடன் எடுத்துக் கொடுத்து மாட்டிக்கொண்ட பெண்கள் ஒருவர் இருவர் அல்ல. அவர் அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டார் என்று தெரிந்தது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. லேபில் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து அசையாதவள், போனில் தெரியாத நம்பர் வந்தால் நடுங்குவேன். பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்த வாரத்திலேயே கண்ணில் பட்ட வங்கிக்கெல்லாம் போனிலேயே மனுப் போட்டுத் தள்ளினேன். எங்காவது ஒரு புண்ணியவான் கொடுத்துவிட மாட்டானா என்கிற நப்பாசை. ஒவ்வொரு தடவை மனுப் போடும்போதும் ஸ்கோர் இன்னும் இறங்கும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? இறங்கியது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆள், பணம் கொடுத்தால் ஸ்கோரைக் கழுவித் தருவதாகச் சொல்லி, போனில் வரும் ஓடிபியைக் கேட்டான். சொல்லவே போய்விட்டேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி அணைத்தார். “பயத்துல கிணத்துல குதிக்காத” என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்த மனுக்களில் எல்லாம் என் போன் நம்பர் இருந்தது. அது என் ரிப்போர்ட்டில் ஏறி, அந்தக் கடன் கம்பெனியின் கைக்கும் போய்விட்டது. வசூல்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கடனை என் பெயரில் ஏற்றிவிட்டார்கள் அல்லவா, அவர்களைப் பொறுத்தவரை ஒளிந்திருந்தவள் அகப்பட்டுவிட்டாள். லேபில் இருக்கும்போது வரும், ரயிலில் வரும், சர்ச்சில் ஜெபத்துக்குத் தலை குனியும்போது பையில் அதிரும். நான் எடுக்காத கடன் என்றால், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒருவன் சிரிப்பான். உன் ஆபீஸ் எங்கே என்று தெரியும் என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ரூம் இருட்டியது. எங்கள் சந்தில் வெளிச்சம் வாசல் வழியாக வந்தால்தான் உண்டு. நிமிர்ந்தால் இரண்டு பேர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மகளை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒருவன் சந்துக்கே கேட்கிற மாதிரி என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டான். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“யே தர்வாஜா ஆப்கா ஹீ ஹை நா?”

இந்தக் கதவு உங்களுடையதுதானே என்று கேட்டான். எங்கள் கதவுதான். பச்சை பெயின்ட், ஓரத்தில் நசுங்கிய தகரம், நிலையில் ரூம் நம்பர், எல்லாம் எங்களுடையது. அதன் முன்னால், வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். குழுக் கடன் கொடுக்கும்போது ஆளை வீட்டு வாசலில் நிறுத்தி எடுக்கிற போட்டோ. என் வாசலில் இன்னொருத்தி குடியிருப்பவள் மாதிரி நிற்பதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உள்ளே இருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அவர்கள் இரண்டு பேருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். இது இவள் இல்லை, கண்ணைத் திறந்து பாருங்கள் என்று ஹிந்தியில் கத்தினார். அப்படியானால் அவளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, மறுபடியும் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

போட்டோவை எட்டிப் பார்த்த எதிர் ரூம் அக்காதான் விஷயத்தை உடைத்தாள். “அடிப்பாவி, இது மேல் ரூம்ல குடியிருந்த புள்ளல்லா. நீங்க வாரதுக்கு முன்ன. ஒம்பேருதான் அவளுக்கும்.”

மெல்ல மெல்லப் புரிந்தது. எங்கள் பெயர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் உண்டு, சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் இனிஷியலோடு முடிந்த பெயருக்கு இங்கே சர்நேம் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஜாதிப் பெயரை எழுதிவிடுவார்கள். மேல் ரூமுக்கும் கீழ் ரூமுக்கும் ஒரே நம்பர். ஏணியில் நின்று போட்டோ எடுக்க முடியாது என்று அவளைக் கீழ் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பேரையும் கம்ப்யூட்டர் ஒருத்தியாக்கிவிட்டது.

அவள் இப்போது வடாலாவில் இருப்பதாக அக்கா சொன்னாள். மறுநாளே போனேன். வழியெல்லாம் அவளைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினால் பதிலே இல்லை. உள்ளே ஆள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது. கடைசியில் சங்கிலியைக் கழற்றாமல் ஒரு கண் அளவுக்குத் திறந்து, “யாரு?” என்றாள். என் பெயரைச் சொன்னேன்.

“அது எம்பேருல்லா?” என்றாள்.

எனக்கும் அதுதான் பெயர் என்றேன். நான் வசூல்காரி இல்லை என்று நம்பவைக்கவே வெகுநேரம் ஆனது. உள்ளே போனால் புருஷன் பாயில் படுத்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு போனவர். மாவு அரைத்து விற்க கிரைண்டர் வாங்கத்தான் கடன் எடுத்திருக்கிறாள். அவர் விழுந்ததும் தவணை நின்றது. குழுவில் இருந்த மற்ற பெண்கள் கொஞ்ச நாள் தாங்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். ஆட்கள் வந்து சத்தம் போட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டாள். நான் எங்கள் ஃப்ளாட்டைப் பற்றி, செயினைப் பற்றி, மகளைப் பற்றி எல்லாம் சொன்னேன். நீ வந்து, போட்டோவில் இருப்பது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

“சொன்னா இங்கயும் வருவாவல்லா அக்கா. வீட்டுக்காரி பாத்தான்னா அன்னைக்கே வெளிய தள்ளிருவா. இவர தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

திட்டச் சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை. லேப் இருக்கிற இடத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். என்னை வெளியே விடும்போது, அவள் தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நாளாக நான் எங்கள் வாசலில் செய்துவந்ததும் அதேதான்.

வடாலா பிளாட்பாரத்தில் நிற்கும்போது போன் அடித்தது. வசூல்காரன்தான். அவள் எங்கே என்றான். விலாசம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் அவர்கள் நேரே அங்கே போய்விடுவார்கள். என் மகள் நிம்மதியாகப் படிப்பாள், என் பெயரில் ஒட்டிய கறையும் தானாகப் போய்விடும். ரயில் வந்து நின்றது, எல்லோரும் ஏறினார்கள், நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். தெரியாது என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கதவுச் சங்கிலியைப் போடுகிற சத்தம் காதிலேயே இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, டோக்கன் போனது போனதுதான் என்று விட்டுவிட்டு அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் லேபில் ஒரே கூட்டம். கவுன்டரில் தலை நிமிராமல், “பேர் என்ன?” என்றேன். யாரோ என் பெயரையே சொன்னார்கள். நிமிர்ந்தால் அவள். நனைந்த குடை, கையில் வாக்காளர் அட்டை.

“நீங்க எங்க எடத்தக் காட்டிக் குடுத்திருவியன்னு தெனம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்க்கா. யாரும் வரல. வாங்க போவோம். இன்னும் யோசிச்சா நான் வரமாட்டேன்.”

கடன் கம்பெனிக்கு ஆட்டோவில் போகும்போது அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனியின் கிளை மேலாளர் எங்கள் இரண்டு பேரின் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயர் ஒன்று, விலாசம் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. ஜூன் முதல் தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்தநாள் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் எங்கள் பக்கத்து வாத்தியார்கள் எழுதுகிற தேதி அது. அவள் அதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை பயத்துக்கு நடுவிலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்புறம் அவள் போட்டோவைக் காட்டி, “இது நான்தான். இவங்க இல்ல” என்று சொல்லி, அதையே எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் போட்டதில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அன்று எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. சிறு சிறு தவணையாக வாங்கிக்கொள்வதாகவும், இவள் வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை என்றும் எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் அலுத்துப்போய் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் வங்கிப் பெண் முதலிலேயே சொன்னபடி முழு ரிப்போர்ட்டை எடுத்து, அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை வைத்து ஆட்சேபம் போட்டேன். அந்தக் கடன் என் பெயரை விட்டு இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. புதிதாக எங்கும் மனுப் போடாமல், வாஷிங் மெஷின் தவணையை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஸ்கோர் மெதுவாக ஏறியது. அதற்குள் தேதி தாண்டி அந்த ஃப்ளாட் கைமாறிவிட்டது. டோக்கனில் பாதிதான் திரும்ப வந்தது. கிறிஸ்துமஸ் தாண்டி, ரூம்காரரிடம் கெஞ்சி நாள் வாங்கி, அம்பர்நாத் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில், அதைவிடச் சின்னதாக ஒன்று அமைந்தது. சாவி வாங்கிய அன்று முதலில் உள்ளே கூட்டிப்போனது அவளைத்தான். வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்தாள். இந்தக் கதவு முன்னால் போட்டோ எடுக்க வரமாட்டேன் என்றாள்.

இப்போதும் கூரியர்காரர் கீழே நின்று என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். கதவைத் திறக்கும் முன் வடாலாவில் ஒருத்தி சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தது ஞாபகம் வரும், நானும் திறந்துவிடுகிறேன்.