சில்லுக் காம்பராவுக்கு இரண்டு கண்ணாடி

சோலைமலை முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்று நான் அவரைத் திட்டி அனுப்பாதது பெரிய ஆச்சரியம். ஹட்டனில் இருபத்தெட்டு வருடமாக வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். பிரேக் லைனர் கேட்டு வருகிறவன் இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவான். இந்த மனிதர் பக்கக் கண்ணாடி கேட்டு வந்து ஒன்றரை மணி நேரம் என் உயிரை எடுத்தார்.

நோர்வூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அதன் மேனேஜர் பிரதாப் கொழும்பிலிருந்து ஒரு கேரவன் இறக்கியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும். ஜீப்புக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போய், நீர்த்தேக்கக் கரையில் விட்டால் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு இரவு தங்குவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு குடும்பமே படுத்தெழும்பும் ஒற்றை அறைக்குக் காம்பரா என்று பெயர். அதைவிடச் சின்ன அறை ஒன்றுக்குச் சக்கரம் பூட்டி, அதில் படுக்க வெள்ளைக்காரன் விமானம் ஏறி வருகிறான் என்றதும் தோட்டத்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சக்கரத்துக்கு எங்கள் பக்கத்தில் சில்லு என்போம். சில்லுக் காம்பரா என்று பெயரும் வைத்தது.

அதை இழுக்க ஆள் தேடியபோது சோலைமலையைப் பிடித்தார்கள். தோட்டத்து டிரக்டரில் இழுவைப் பெட்டி கொளுவி இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து ஏற்றியவர். அந்த மலைப்பாதையில் பின்னால் பெட்டியோடு வண்டியை ரிவர்ஸ் எடுக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. காம்பராவைக் கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றும் வேலையை அவர் மனைவி காளியாயிக்குக் கொடுத்தார்கள். ஒரே மகள் பூரணி ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். முடிக்க இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் இந்த வேலை நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

கேரவன் ஜீப்பைவிட அகலம். ஜீப்பின் சொந்தக் கண்ணாடியில் பார்த்தால் கேரவனின் முன்சுவர்தான் தெரியும், பின்னால் ஒன்றும் தெரியாது. அதற்காக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கண்ணாடி வேண்டும். என்னிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று, இருக்கிற கண்ணாடியின் மேல் ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டுவது. மற்றது, திருகு வைத்து இறுக்குவது. சோலைமலை இரண்டையும் ஜீப்பில் மாட்டி, கடைக்குப் பின்னாலுள்ள கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். பட்டிக் கண்ணாடி இருபது அடியில் தலையைத் தொங்கப்போட்டது. திருகுக் கண்ணாடி சரியவில்லை, ஆனால் நடுங்கியது. உள்ளே தெரிந்த தேத்தண்ணிக் கடை இரண்டு கடையாகத் தெரிந்தது.

அதோடு விட்டாரா? என்னை ரோட்டில் இறக்கிவிட்டு, பின்னால் போய் நிற்கச் சொன்னார்.

"இன்னும் போங்க மொதலாளி. இன்னும். கையத் தூக்குங்க... எத்தன வெரலு காட்டுறீங்க?"

"மூணு! கண்ணாடி வாங்க வந்தீங்களா, கண்ணு சோதிக்க வந்தீங்களா?" என்று கத்தினேன். ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலிங்க. வளஞ்ச கண்ணாடி. ஆளச் சின்னதாக்கி எட்டத்துல காட்டுது."

மூன்று என்று நான் தொண்டை கிழியச் சொல்லி முடித்திருந்தேன். பக்கத்தில் வந்து இன்னொரு தரம், ஜீப் ஜன்னலோரம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "போதுமா சோலமல?" என்று கேட்டேன். அசையவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி என் வாயைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"டிரக்டரு சத்தம் மொதலாளி. ரெண்டு வருசமா எடது காது சுத்தமாப் போச்சு. வலதுல அரகொறயா விழும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காளியாயியத் தவுர யாருக்கும் தெரியாது. மேனேஜருக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிருவாரு. லைசனும் போயிரும். பூரணி படிப்ப முடிக்கணுங்க."

எங்கள் பக்கத்தில் வண்டியை ரிவர்ஸ் எடுக்க உதவுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு சொல்தான். சிங்களத்திலிருந்து வந்து எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்ட ஹரி. "ஹரி ஹரி ஹரி" என்று இழுத்துச் சொன்னால், வரலாம், வந்துகொண்டே இரு. "ஹரி!" என்று வெட்டிச் சொன்னால், போதும், நிறுத்து. இரண்டும் ஒரே சொல். குரலைக் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும். மற்ற ஓட்டுனர்கள் காதை நம்பி வண்டியைப் பின்னால் எடுக்கிறார்கள். சோலைமலைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. காளியாயி பின்னால் நின்று கையால் காட்டுவாளாம். ஒரு கை ஆட்டினால் வா, இரண்டு கையும் தூக்கினால் நில். அந்தக் கையும் விரலும் தெரிகிற கண்ணாடிதான் அவருக்கு வேண்டும்.

"ஆடக்கூடாது, சரியக்கூடாது, ஆளு ஆளாத் தெரியணும்" என்றார்.

அப்படி ஒன்று இருக்கிறது. லொறிக்குப் போடுகிற தட்டைக் கண்ணாடி, மேலும் கீழுமாக இரண்டு கம்பி, கதவில் துளை போட்டு நட்டு முறுக்க வேண்டும். மலை புரண்டாலும் அது புரளாது. கொழும்பிலிருந்து ஒரு வாரத்தில் எடுத்துத் தருகிறேன் என்றேன். அந்த மனிதரின் முகத்தில் சிரிப்பு வந்தது அன்று அப்போதுதான்.

மேனேஜர் பிரதாப்பிடம் நானே போனில் பேசினேன். "என்ன, புது ஜீப்புக் கதவில ஓட்டை போடுறதா? உங்களுக்கு விசரா?" என்றார். கொழும்பிலேயே வளர்ந்தாலும் கோபம் வந்தால் யாழ்ப்பாணத்துப் பாட்டன் எட்டிப் பார்ப்பார். "பின்னால ஆள் நிண்டு சொல்லுதுதானே. பட்டி போட்டதையே குடுத்துவிடுங்கோ."

அந்தக் கண்ணாடி கல் ரோட்டில் இருபது அடிகூடத் தாங்காது என்று நான் கண்ணால் பார்த்திருந்தேன். அதை மேனேஜரிடம் சொல்லவில்லை. ஹோட்டல்காரர்கள் நல்ல வாடிக்கை, வாயைக் கொடுத்து ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். ஒரு சோடி பட்டிக் கண்ணாடியைப் பொதி செய்து சோலைமலையின் கையில் கொடுத்தேன். பொதியை வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்து மாதம் அதை வைத்துக்கொண்டு ஓட்டினார். வளைவுக்கு வளைவு இறங்கி கண்ணாடியை நிமிர்த்துவார். பட்டிக்குக் கீழே சைக்கிள் டியூப் வெட்டித் திணித்தார், கம்பி சுற்றினார். காளியாயி ஒருமுறை சாமான் வாங்க ஹட்டனுக்கு வந்தவள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "மொதலாளி, ஒங்க கண்ணாடிக்கு எங்க ஊட்டு மனுசன் என்னைய விட அதிகமா பணிவிட பண்ணுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன்.

ஆனி மாதம், விடாத மழை. விருந்தாளிகள் கிளம்பிப் போன ஒரு பகல்வேளையில் காம்பராவைப் பங்களாவின் பின்பக்கம் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. பின்னால் கருங்கல் மதில். காளியாயி உள்ளேயிருந்த விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வாரி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழக்கம்போல மதிலோரம் நின்றாள். வெள்ளை விரிப்பு. சேற்றில் விழுந்தால் மேனேஜர் சும்மா விடமாட்டார். பள்ளத்தில் வண்டி குலுங்கியதில் கண்ணாடி சரிந்துவிட்டது. சோலைமலைக்கு அதில் தெரிந்தது ஈரத் தரை மட்டும். இறங்கி நிமிர்த்தியிருக்கலாம். அன்றைக்கு அதே தரையில் நாலு தரம் இறங்கி நிமிர்த்தியாயிற்று, மேனேஜர் விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஒரு முழம்தானே என்று நினைத்தாராம்.

கை நிறையத் துணி இருந்ததால் அவள் வாயால் சொன்னாள். ஹரி! மழைச் சத்தத்துக்குள் அவருடைய வலது காதில் அந்தச் சொல் மட்டும் விழுந்தது. அதன் குரல் விழவில்லை. வரச் சொல்கிறாள் என்று நினைத்துப் பின்னால் எடுத்தார். காம்பராவுக்கும் மதிலுக்கும் நடுவே காளியாயி நசுங்கினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் மரண விசாரணை. விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க வரவேண்டியவர் அன்று வரவில்லை. பூரணி இன்னும் ஊர் வந்து சேரவில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். சோலைமலையோடு துணைக்குப் போயிருந்த என்னையே மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

முதலில் மேனேஜர் பிரதாப் பேசினார். அந்த அம்மா "ஹரி" என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். பொய்யில்லை, சொன்னதுதான். எப்படிச் சொன்னாள் என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சொல்லி முடித்ததும் ஹோட்டலில் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு சோலைமலையைப் பார்த்தார். நான் அவருடைய வலது காதுக்குக் குனிந்து கேள்வியைச் சொன்னேன்.

சோலைமலை எழுந்து நின்றார். அழவில்லை. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் மாதிரிச் சொன்னார்.

"காளியாயி சரியாத்தான் சொன்னா. நிப்பாட்டத்தான் சொன்னா. அவ மேல ஒரு பிழையும் இல்ல. எனக்குத்தான் காது கேக்காது. ரெண்டு வருசமாவே கேக்காது. மறச்சுப்புட்டேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இதை அப்படியே சொன்னால் இந்த மனிதரின் லைசன்ஸ் போகும், வேலை போகும், காது கேளாதவன் வண்டி ஓட்டினான் என்று வழக்கு வரும், நட்டஈடும் தராமல் ஹோட்டல்காரன் கைகழுவுவான். செத்தவள் திரும்பி வரப் போவதில்லை. பூரணி இருக்கிறாள். இத்தனையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எனக்குள் ஓடியது. கண்ணாடி விற்றவனும் நானே என்பதும் ஓடியது. காது கேளாது என்று வந்தால், அடுத்த கேள்வி கண்ணாடியைப் பற்றித்தான்.

"மழைச் சத்தத்தில் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

கேக்காது என்றவரைக் கேக்கல என்று ஆக்கிவிட்டேன். நிப்பாட்டத்தான் சொன்னாள், பிழையில்லை என்று அவர் காளியாயியைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டேன். மேனேஜர் சொன்ன ஹரி, வா என்கிற ஹரியாகவே பதிவாயிற்று. சோலைமலை பக்கத்திலேயேதான் நின்றார். நான் சொன்னது அவருக்கு விழவில்லை. அதிகாரி எழுதி முடித்ததும், காட்டிய இடத்தில் சோலைமலை கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிட்டேன் மொதலாளி. அவ பேரு கெடாது. இனி என்ன வந்தாலும் வரட்டும்" என்றார். நான் ஓட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாளில் கடைக்கு வந்தார். கறுத்து, வற்றிப்போயிருந்தார். மேனேஜர் ஆளனுப்பியிருக்கிறாராம், திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி. தட்டைக் கண்ணாடிக்கும் சம்மதமாம், கதவில் துளை போட்டுக்கொள்ளலாமாம்.

"காது கேக்காதுன்னு சொன்னதுக்கப்புறமும் எதுக்கு மொதலாளி என்னைய வண்டி ஓட்டக் கூப்புடுறாங்க? எனக்கு விளங்கலிங்க."

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களைப் போகச் சொல்லவில்லை. அவர் வலது காதில் வாயை வைத்து, நடந்ததைச் சத்தமாகச் சொன்னேன். அவருடைய நன்மைக்காகத்தான், பூரணியை நினைத்துத்தான் என்றும் சொன்னேன். கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாமலா இருக்கும்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"அப்ப, அவ பிழையாச் சொன்னான்னுதான் எழுதியிருக்காங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"என்னைய பொம்ம மாதிரி பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, எம் பொண்டாட்டி மேல எழுத வச்சுட்டீங்க."

பொலீசிலும் விசாரணை அதிகாரியிடமும் போய்த் திருத்திச் சொல்லலாம், நானே கூட வந்து முழுக்கச் சொல்லிவிடுகிறேன், இப்போதே கடையைப் பூட்டுகிறேன் என்று உளறினேன். சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

"வேணாங்க. பூரணி வருவா. அவ சிங்களம் படிச்சிருக்கா, நான் சொல்றத அப்புடியே சொல்லுவா. வேல போனா அவ படிப்பு நிக்கும்னு அவளுக்கும் தெரியும். காத பத்தி விசாரணைல சொல்லிட்டேன்னு நான் வீட்டுல சொன்ன அன்னைக்கே சொல்லிட்டா, நிக்கட்டும்னு."

படியில் இறங்கியவர் திரும்பினார். கோபம் இருந்தால் நான் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை.

"மொதலாளி, காது கேக்கிற ஒருத்தன் பக்கத்துல நின்னிருந்தா அப்புடி மாத்திச் சொல்லியிருப்பீங்களா?"

நோர்வூட் பஸ் வந்து நின்றது. ஏறிப் போய்விட்டார்.