மூன்று விரல் விலை

கல்லை முதலில் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார் லூன் பே. சட்டென்று சூடேறினால் கண்ணாடி. நெடுநேரம் குளிர்ந்தே கிடந்தால் அசல் ஜேடு. பிறகு எச்சில் தொட்டுத் தேய்த்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். பர்மாவில், மாண்டலே கல் சந்தையில் முப்பது வருடத் தரகர்.

"கச்சின் மலையில, ஆத்துல உருண்டு வந்த கல்லுங்க இது. வெளிய உருளைக்கெழங்குத் தோலு, உள்ள வாழக்குருத்து" என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வளையலாகப் போட்டால் வருகிற நோயைத் தான் வாங்கிக்கொண்டு உடையும். விலாவில் வைத்தால் சிறுநீரகக் கல் கரையும். வாங்க வந்தவர் இருமினால் இருமலுக்கும் அதே கல்தான்.

அவரிடம் முஷ்டியளவு கல் ஒன்று இரண்டு வருடமாக விற்காமல் இருக்கிறது. விற்காமல் என்ன, கேட்கிறவருக்கு இவர் கொடுப்பதில்லை. கேட்பவர் நுவே யின். வளையல் பட்டறை வைத்திருக்கும் விதவை.

இங்கே விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்குக் காது நீளம். நம்மூர் மாட்டுச் சந்தை மாதிரி துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடிப்பார்கள். விரலுக்குப் பத்து லட்சம் கியாட். முதல் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, நுவே யின் இவருடைய மூன்று விரல்களைப் பிடித்தார். லூன் பே மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். விலை கட்டாமல் அல்ல. சரி என்றால் அந்த அம்மாள் கல்லோடு போய்விடுவார். மனைவி தவறி ஒன்பது வருடம். அதற்குப் பிறகு அவர் கையை அப்படி யாரும் பிடித்ததில்லை. "அடுத்த வாரம் பாப்போம், மா நுவே" என்றார்; மா, கோ எல்லாம் அங்கே பேருக்கு முன்னால் போடும் மரியாதை. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறார் மனிதர்.

டீக்கடை மா பியூ சும்மா விடுவாளா? "என்ன பெரியவரே, இன்னிக்கும் வெல படியலியா? துண்டுதான் தேஞ்சுபோச்சு!"

"நீ டீயை ஆத்து, போ."

இந்தச் செவ்வாய், நுவே யின் உட்காரும்போதே சொல்லிவிட்டார்: "பட்டறைய வித்தாச்சு, கோ லூன் பே. வெள்ளிக்கெழம தவுங்ஜீக்கு, மகன் வீட்டோட போறேன். இன்னிக்காவது குடுத்துருங்க. இடுப்பு வலிக்குக் கேக்கும்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க?"

"அது வியாபாரத்துக்குச் சொல்றது. ரெண்டு வருஷமா இதை இடுப்புக்கடியில வச்சுத்தான் படுக்குறேன். வலி அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு வச்சுப் படுக்குறீங்க?"

லூன் பே துண்டை விரித்தார். அடியில் நுவே யின் நான்கு விரல்களைப் பிடித்தார். லூன் பே ஒன்றை மெல்ல உருவிக்கொண்டு, மூன்றை மட்டும் விட்டுவைத்தார்.

"மொத நாள் கேட்ட வெலையே போதும். எடுத்துட்டுப் போங்க."

பேரம் முடிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். நுவே யின் எடுக்கவில்லை. கல்லைக்கூடப் பார்க்காமல், அவர் உருவிக்கொண்ட விரலையும் கட்டைவிரலையும் துண்டுக்கடியில் தேடி, சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.