நனைந்த பிளேனும் எட்டு நாள் சாமையும்

ரிப்பேர் கடை வெச்சிருக்கிற சக பாவிகளே, தண்ணியில வுழுந்த சாமானைக் கூடக் காப்பாத்திடலாம்; "வேலை செய்யுதான்னு ஒரு தடவ போட்டுப் பாத்தேன்"னு சொல்ற கஸ்டமர்கிட்டேர்ந்து காப்பாத்துறதுதான் கஷ்டம்.

மூட்டைக்குள்ள பருந்து

ஜவ்வாது மலையில சாமை போட்டிருக்கிற ஏழுமலை, பஸ் புடிச்சு போளூர்ல என் கடைக்கு வந்தாரு. கையில ஒரு சாமை மூட்டை. எனக்குத்தான்னு நெனச்சு சந்தோஷமா கைய வுட்டேன். உள்ள ஒரு ரிமோட் பிளேன், பருந்து மாதிரி பெயிண்ட் அடிச்சது. சாமைக் கொல்லையில குருவி ஓட்ட வாங்கினாராம், ரெண்டு நாள் பறந்துட்டு நேரா கிணத்துல போய் வுழுந்துடுச்சு.

நனைஞ்ச போனை அரிசியில போடுன்னு எவனோ வீடியோ போட்டிருக்கான். இவரு கையில இருந்த சாமையில போட்டுட்டாரு. அது ஊறி, போர்டு பூரா ஒட்டிக்கினு கெடந்துச்சு. ஊசியால ஒவ்வொண்ணா நோண்டிக்கினே, "போட்டுப் பாத்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஒரே ஒரு தடவதாங்க. பொகை வந்துச்சு, ஒடனே நிறுத்திட்டேன்."

மறு குளியல்

கிணத்துச் சேறு போர்டுலயே காய்ஞ்சா கம்பியை அரிச்சிடும். அதனால பேட்டரியைக் கழட்டிட்டு, டிஸ்டில்டு வாட்டர்ல முக்கி பிரஷ்ஷால தேய்ச்சேன். ஏழுமலை மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே.

"தண்ணியில வுழுந்து செத்துச்சுன்னு தூக்கினு வந்தா, நீங்க இன்னாங்க மறுபடியும் குளிப்பாட்றீங்க? எங்க ஊர்ல பொணத்துக்குத்தான் இப்படிப் பண்ணுவாங்க."

செத்தது ஒண்ணு

ரெண்டு நாள் காயவெச்சுப் பாத்தேன். ரிமோட் சிக்னலை வாங்குற போர்டு பொழச்சுக்கிச்சு. றெக்கையையும் வாலையும் அசைக்கிற குட்டி மோட்டாருங்களும் நல்லா இருந்துச்சு. பறக்க வெக்கிற காத்தாடி மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற போர்டு மட்டும் கருகிடுச்சு. புதுசு வர பத்து நாள் ஆகும். சாமை அறுக்க எட்டு நாள்.

அவரு கத்தல. ஸ்டூல்ல உக்காந்து, "எட்டு நாள் குருவி துன்னா, அப்புறம் அறுக்க இன்னாங்க இருக்கும்?"னாரு. எனக்கு மனசே கேக்கல. நாலு பென்சில் பேட்டரியைச் சேத்துக் கட்டி ரிமோட்டை ஆட்டினேன். றெக்கையும் வாலும் படபடன்னு அடிச்சுது. "மூங்கில் கழி மேல கட்டுங்க, நெழல்ல உக்காந்து ஆட்டுங்க"ன்னேன்.

"பறக்காதத எதுக்குங்க பிளேன்னு சொல்றது?"ன்னு கேட்டுக்கினே தூக்கினு போனாரு.

அறுப்பு முடிஞ்சு

மறுபடியும் மூட்டையோட வந்தாரு. இந்தத் தடவ பயந்துக்கினே கைய வுட்டேன். வெறும் சாமைதான், புதுசா அறுத்தது. புது போர்டு வந்துடுச்சு, மாட்டித் தரட்டுமான்னு கேட்டேன். வேணான்னுட்டாரு.

"பறந்தப்போ குருவியும் பயந்துச்சு, எங்க வுழுமோன்னு நானும் பயந்தேன். இப்ப குருவி மட்டும்தாங்க பயப்படுது."

ஆக, என் கடை போர்டுல 'செல்போன் சர்வீஸ்'க்குக் கீழ, 'சோளக்கொல்லை பொம்மையும் செஞ்சு தரப்படும்'னு ஒரு வரி எழுதணும்.