மடக்கிய விரல்

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேறொரு பெண்ணின் கை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் ஊரில், வீட்டில் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்டதற்கு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நான்கு விரல்களை விரித்துக் காட்டினாள். அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு ஒரு விரலைத் தொட்டு மெல்ல மடக்கிவிட்டார்.

அக்கா எத்தியோப்பியாவிலிருந்து சேலத்துக்கு முதுகலைப் பொருளாதாரம் படிக்க வந்தவர். என் வகுப்புதான், ஆனால் வயதில் ரொம்ப மூத்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அதனால் எனக்கு அக்கா. சூரமங்கலத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். மரியாதைக்கு ‘ங்க’ சேர்க்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைக்க, ஆங்கிலத்தையும் விட்டுவைக்காமல் ‘ஓகேங்க, தேங்க்யூங்க’ என்பார். டவுன் பஸ் கண்டக்டர்கூடச் சிரித்துவிடுவார். மூன்று வயது மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அவள் தன்னை மறந்துவிடுவாளோ என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அக்காவின் ஆய்வேட்டுக்காக அந்தக் கோடை முழுக்க வீடு வீடாகப் போனோம். கேள்வி அவருடையது, தமிழ் என்னுடையது. இப்போது நினைத்தாலும் கால் கடுக்கிறது. வெயில், தெருநாய்கள், கோழிப்பண்ணை வாடை, பாதி வீடுகளில் பூட்டு. போதாக்குறைக்கு முதல் கேள்வியிலேயே தகராறு. அந்தப் பக்கத்து ஆண்கள் போர்வெல் போடும் ரிக் வண்டிகளில் வடக்கே போனால் வருஷத்துக்கு ஒருமுறைதான் திரும்புவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவரைக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. பெண்களோ கணவனை விட்டுவிட்டு எண்ணவே மாட்டார்கள்.

“அவுரு ராஜஸ்தான்ல கெடந்தா எங்கூட்டு ஆளில்லைன்னு ஆயிருமாங்க?” என்று மடங்கிய விரலைப் பார்த்தபடி கேட்டாள் அந்தப் பெண். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மகள் போனில் குதூகலமாக ஏதோ சொன்னாள். அக்கா சிரித்தார், பேசி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வீட்டில் எத்தனை பேர் என்று பள்ளியில் கேட்டார்களாம். இரண்டு பேர், அப்பாவும் நானும் என்றாளாம். “கரெக்டுங்க,” என்றார் என்னிடம். “நம்ம ரூல்படி கரெக்டுங்க.”

மறுநாள் அக்கா ஆய்வேட்டுக் கைடிடம் போய், அந்த ஆண்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கைடு கெட்டவரில்லை. தாராளமாக மாற்றலாம், ஆனால் முடித்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும், படிப்பு இன்னொரு செமஸ்டர் நீளும் என்றார். யார் யார் கணவன்மாரையோ அவரவர் வீட்டில் சேர்ப்பதற்கு, அக்கா தன் வீட்டுக் கணக்கிலிருந்து இன்னும் ஆறு மாதம் வெளியே நிற்க வேண்டும். “எனக்கு வீட்டுக்குப் போகணும்,” என்றார் பஸ்ஸை விட்டு இறங்கும்போது. அந்த ஒரு தடவை மட்டும் ‘ங்க’ போடவில்லை.

மிச்ச வீடுகளிலும் விரல்களை மடக்கினோம். ஆய்வேடு நேரத்துக்கு முடிந்தது. ஊருக்குப் போய் மகளோடு எடுத்த படத்தை அனுப்பினார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு கை அக்காவின் உடையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

இப்போது நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறேன். கணவர் மஸ்கட் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. போன வாரம் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஏதோ சர்வே என்று ஒரு இளம்பெண் வந்து நின்றாள். வீட்டில் எத்தனை பேர் என்றாள். நான், மகன், மாமியார், அவர். யோசிக்காமல் நான்கு விரல்களைக் காட்டினேன். பேர் விவரம் கேட்டவள், அவர் மஸ்கட்டில் என்றதும் தயங்கினாள்.

“வெளிநாட்டுல இருக்கறவங்களச் சேர்க்கக் கூடாதுங்க மேடம்.”

சுருக்கென்று கோபம் வந்தது. அவர் எங்கூட்டு ஆளில்லையா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, தோளை இழுக்கும் பை, தெருவில் இன்னும் பாதி வீடுகள் பாக்கி. விரலை நானே மடக்கினேன்.

“மூணுன்னு எழுதிக்க. எழுதிட்டு நேரமா ஊடு போய்ச் சேரு சாமி.”