ஜாஸ்தி

பர்மா சண்டைக்குப் போன என் கணவர் திரும்பவில்லை. அந்தப் பெயரில் ஆளே இல்லை என்றது பட்டாள ஆபீஸ். உடன் இருந்தவர் சாட்சி சொன்னால் போதுமாம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரோடு பட்டாளத்தில் இருந்த ஆம்பூர் தோல் ஷெட் வாட்ச்மேனைத் தேடிப் போனேன்.

நரைத்த மீசையை அடிக்கடி புறங்கையால் துடைத்துக்கொண்டார். போட்டோவைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"அட, நம்ம ஜாஸ்தி! பேர் யாருக்கும்மா தெரியும்? இன்னா சோறு போட்டாலும் 'கொஞ்சம் ஜாஸ்தி போடு'ம்பான். நான் வந்து சாட்சி சொல்றேன், கவலப்படாத."

வீட்டில் என் கணவர் மறுசோறு கேட்டதே இல்லை. என் சமையல் பிடிக்கவில்லையோ? கேட்கக் கூச்சமோ? சாட்சி கிடைத்தும் பொறாமையில் மனசு பொருமியது.

வாட்ச்மேன் என் மகளின் கன்னத்தைத் தட்டினார். "பல்லெல்லாம் தெரிய, அப்பன் மாதிரியே சிரிக்குது பாரு."

ஆமாம் என்று தலையாட்டினேன். என் கணவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.