பச்சைச் சட்டை போட்ட கொம்பியூட்டர்

எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒரு நல்ல சாமான் வந்தால் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டுவிடுவோம். தையல் மெசினுக்கு ஒன்று, ரீவிக்கு ஒன்று, ரேடியோவுக்கும் ஓரத்தில் லேஸ் வைத்து ஒரு துண்டு. காலபோக நெல் அறுவடை நேரம் எங்கள் அக்கராயனுக்கு வந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டு மெசின் வயலில் இறங்கினால் பாய், தலையணை, சோற்றுப்பானை மூடி எல்லாவற்றிலும் தூசிதான்.

அதனால் மூன்று வருசத்துக்கு முன்னர் என் மகள் ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்தபோது, அடுத்த கிழமையே நான் அதற்கு அளவெடுத்தேன். திரைக்கு ஒரு சட்டை, பெட்டிக்கு ஒரு சட்டை. என்னுடைய பச்சைச் சேலையில் நல்லாயிருந்த பகுதியை வெட்டி, உள்ளே வெள்ளைத் துணி கொடுத்து இரட்டையாகத் தைத்தேன். பெட்டியின் சட்டைக்கு ஓரத்தில் லேஸ், பின்பக்கம் பொத்தான்கள். வயர்கள் வெளியே வர மூன்று ஓட்டைகள். விரலால் அமத்துகிற இடத்துக்கு ஒரு சின்ன யன்னல். எல்லாம் கைத்தையல். வீட்டுக்கு வந்தவர்கள் கொம்பியூட்டரைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்கள்.

"அம்மா, பெட்டிக்குள்ள காத்துப் போகவேணும்," என்றாள் மகள்.

"அதுக்குத்தானே யன்னல் வைச்சிருக்கிறன்."

அவள் சிரித்தாள். வேலை செய்யும்போது திரையின் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பாள். பெட்டி மேசைக்குக் கீழே இருந்தது. அதன் சட்டையை யாரும் கழற்றவில்லை. தோய்ப்பதற்கு மட்டும் மாதம் ஒருமுறை நான் கழற்றுவேன்.

மகள் வீட்டுப் பிளான் கீறுகிறவள். அதற்கு முன்னர் எட்டு வருசம் ஆடைத் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் குனிந்து இருந்தாள். கடைசியில் கழுத்து எலும்பு தேய்ந்து, சோற்றுக் கோப்பையைப் பார்க்கக்கூடத் தலையைக் குனிக்க முடியாமல் வீட்டுக்கு வந்தாள். சனி, ஞாயிறுகளில் வகுப்புக்குப் போய்க் கீறப் படித்தாள். முப்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் தேத்தண்ணி கொடுப்பதில்லை.

போன வருசம் வேலை குறைந்துபோனது. இப்போது வீடு கட்டுகிற ஆட்கள் கோடு கீறிய பிளானோடு திருப்திப்படுவதில்லையாம். வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரிப் படம் கேட்கிறார்கள். வாசலால் உள்ளிட்டு, விறாந்தையைத் தாண்டி, அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போகலாம். வவுனியாவில் ஒரு இன்ஜினியர், "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அப்பிடி ஒண்டு செய்து காட்டுங்கோ, பிடிச்சால் எங்கட வேலை முழுக்க உங்களுக்குத்தான்," என்று சொல்லியிருந்தார். வேலை இல்லாத காலத்தில் மகள் பழைய தொழிற்சாலைக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தாள். அவர்களும் அதே கிழமை கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் வேறு ஆளுக்கு.

வீட்டை அவள் கீறி முடித்துவிட்டாள். மிச்சம் கொம்பியூட்டரின் வேலை. கீறினதை நடக்கிற படமாக அது மாற்றித் தரவேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிக்கொண்டு போகும், நூறு வந்தால் முடிந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இலக்கம் எனக்குப் பிழைத்ததில்லை. அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது நான் கதிரையில் இருந்து பார்த்துச் சொல்வேன்.

எங்கள் பெட்டி நூறைக் காணவில்லை. ஒரு அறையை மட்டும் விடியப் போட்டாலும் அறுபது வரைதான் போகும். மத்தியானம் போட்டால் முப்பதில் மூச்சு வாங்கி, பட்டென்று நின்று, திரை கறுத்துப்போகும். நாலு தரம் அப்படி நடந்தது. நாலாம் தரம் மகள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த வேலைக்கு இது காணாது அம்மா. பழசு. புதுசு ஒண்டு எடுத்தால்தான் சரி."

அவளுடைய கையில் இரண்டு தங்கக் காப்பு இருந்தது. அதை விற்கத்தான் அவள் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"எடுக்கலாம். ஆனால் இதையும் கொண்டுபோவம்," என்றேன்.

"இதை ஏன்?"

"பக்கத்தில வைச்சுப் பார்க்கத்தான்."

என் மனுசன் இருந்த காலத்தில் தோட்டத்துக்கு நீர் இறைக்கிற மெசின் வாங்கியபோதும் நான் இதைத்தான் செய்தேன். பழையதையும் புதியதையும் ஒரே கிணற்றில், ஒரே குழாயில், ஒரே தொட்டிக்கு இறைக்கவிட்டுப் பார்த்தோம். கடைக்காரன் தன்னுடைய தண்ணீரில் காட்டினால் எந்த மெசினும் நல்லாய்த்தான் இறைக்கும்.

வியாழக்கிழமை கிளிநொச்சிக்கு வந்து வவுனியா பஸ் எடுத்தோம். பெட்டி என் மடியில், சட்டையோடு. புளியங்குளத்தில் ஏறிய ஒரு பெண்பிள்ளை, "ஆச்சி, உள்ளுக்க என்ன, சாமிப் படமோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, கொம்பியூட்டர்," என்றேன். அவள் தையலைத் தடவிப் பார்த்து, லேஸ் எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வவுனியாவில் கொம்பியூட்டர் விற்கிற கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கம் குடியேறியவர்களாம். பேச்சில் அந்தச் சாயல் இருந்தது. மகள் விசயத்தைச் சொன்னதும் இரண்டு புதுச் சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று மடிக்கிற லப்டொப், மற்றது பெரிய பெட்டி. இரண்டிலும் தங்களிடம் இருந்த ஏதோ மலைப் படத்தை ஓடவிட்டார். நல்ல வடிவு.

"தம்பி, மலையை விடுங்கோ. இவள் கீறின வீட்டைப் போடுங்கோ. மூண்டிலையும் ஒரே அறை," என்றேன்.

அவர் சிரித்தார். "அம்மா பெரிய ஆளுதாங்க. எங்ககிட்ட வர்ற பொடியன்களே இப்பிடிக் கேக்க மாட்டாங்க."

எங்கள் பெட்டியைத் தூக்கியவர் சட்டையைக் கண்டார். "இது பஸ்ஸுக்குப் போட்டதா? இல்ல வீட்லயும் இப்பிடியேவா?"

"பஸ்ஸுக்குத்தான்," என்றாள் மகள், நான் வாயைத் திறக்க முன்னம்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, என் கையில் தந்தாள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். சுவரில் மணிக்கூடு இருந்தது. லப்டொப் முதலில் பாய்ந்தது. நாற்பது வரை அதுதான் முன்னுக்கு. பிறகு இரைந்து இரைந்து மெதுவாகிவிட்டது. பெரிய பெட்டி தொடங்கின வேகத்தில் போய், பதினாலு நிமிசத்தில் முடித்தது. லப்டொப்புக்கு இருபது. எங்களுடையது எங்கே நிற்கப்போகிறது என்று முப்பதிலும் அறுபதிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. இருபத்தேழு நிமிசத்தில் நூறைக் காட்டியது.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இங்க ஒழுங்கா ஓடுது. வீட்ல நிக்குதுன்னு சொல்றீங்க. அப்ப உள்ள போர்டு பழுதாகத் தொடங்கிடுச்சுன்னு நெனைக்கிறேன். ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் கைவிட்டுடும். ஞாயித்துக்கெழமை குடுக்க வேண்டிய வேலைக்கு இத நம்பாதீங்க, தங்கச்சி. பெரியத எடுங்க."

"சரி, அண்ணா," என்றாள் அவள். கை காப்பில் இருந்தது.

இதை நான் மறைக்காமல் சொல்கிறேன்: அப்போதும் கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. கடையில் வேறும் ஆட்கள் நின்றார்கள். என் கையில் மடித்த சட்டை இருந்தது. குளிரூட்டிய கடை, மேசைக்கு மேல், மேலில் ஒரு துணியும் இல்லாமல் அந்தப் பெட்டி. வீட்டில் மேசைக்குக் கீழே, இரட்டைத் துணிக்குள். அவள் கீறின வீடும் அறையும் அதேதான், மாறினதில் ஒன்று என் கையில் இருந்தது.

"தம்பி, பஸ்ஸுக்கு எண்டு பிள்ளை சொன்னது பொய். மூண்டு வருசமாய் இது இந்தச் சட்டைக்குள்ளதான் ஓடினது. தைச்சது நான்," என்றேன்.

"அம்மா, விடுங்கோ," என்றாள் மகள் மெல்லிய குரலில்.

"நீ பொறு. தம்பி, இதைத் திரும்பப் போட்டு ஓட்டுங்கோ. வேறை ஒண்டையும் மாத்தாதேங்கோ."

பின்பக்கப் பொத்தான்களை நானே பூட்டினேன். கடைக்காரர் திரையின் மூலையில் இன்னொரு இலக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். அது உள்ளிருக்கிற சூடாம். நான் இரண்டு இலக்கத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று ஏறுகிறது, மற்றதும் ஏறுகிறது. சூடு எழுபது, எண்பது, தொண்ணூறு. பெட்டி வீட்டில் கத்துகிற அதே குரலில் கத்தத் தொடங்கியது. வேலை முப்பத்தொன்றில் நிற்கும்போது திரை கறுத்தது.

கடையில் ஒருவர் சிரித்தார். கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"ஜுரக்காரனுக்குக் கம்பளி போத்தி வயலுக்கு அனுப்பின மாதிரி," என்றார் கடைக்காரர். "ஆனாலும் மூணு வருசம் ஓடியிருக்கு பாருங்க. நல்ல சாமான்."

பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே காற்றாடியின் இதழ்களுக்கிடையில் பஞ்சு மாதிரித் தூசி அடைந்திருந்தது. அதற்குள் பச்சை நூல். தோய்த்துத் தோய்த்துக் கழன்ற என்னுடைய நூல். ஊதித் துடைத்து, சூடு கடத்துகிற பசையைப் புதிதாகப் பூசி, ராம் என்று விரல் நீளத் துண்டு ஒன்றை மேலதிகமாகப் போட்டார். அந்தத் துண்டுக்கும் கூலிக்கும்தான் காசு எடுத்தார். திரும்ப ஓட்டினபோது பத்தொன்பது நிமிசம். லப்டொப்பை விட ஒரு நிமிசம் முன்னுக்கு.

"நான் யாவாரம் பண்றவன், இதச் சொல்லக் கூடாது. பெரியது இதவிட வேகந்தான், பொய்யில்ல. ஆனா தங்கச்சி, உங்களுக்கு இப்பத்தைக்கு இது போதும்," என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் பெட்டி மகளின் மடியில் இருந்தது. பஸ் கனகராயன்குளத்தைத் தாண்டினபோது நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏன் பொய் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"சனத்துக்கு முன்னால உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது."

"காப்பைக் குடுத்திருப்பாய்."

"குடுத்திருப்பன்." பெட்டியை மடியில் இறுக்கி வைத்தாள். "எனக்கும் தெரிஞ்சிருக்கவேணும், அம்மா. படிச்சனான்தானே. ஆனா நீங்கள் ஒவ்வொரு மாசமும் தோய்ச்சுக் காயவைச்சு, பொத்தானைப் பூட்டிப்போட்டு ஒருக்கால் தள்ளி நிண்டு பாப்பியள். அதைக் கழட்டு எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நான் அவளுடைய தோளில் என் தலையைச் சாய்த்துக்கொண்டேன். நித்திரை என்று அவள் நினைத்திருப்பாள்.

வெள்ளி காலை மேசையை யன்னலோடு தள்ளி, பெட்டியைச் சட்டையில்லாமல் கதிரையில் ஏற்றி, முழு வீட்டையும் போட்டோம். அவள் சமைத்தாள், நான் இலக்கத்தைச் சொன்னேன். முப்பது. நாற்பத்தைந்து. அறுபதைத் தாண்டினபோது அகப்பையோடு ஓடிவந்து பார்த்தாள். சனி பின்னேரம் தொண்ணூற்றொன்பதில் வெகு நேரம் நின்றது. நான் எழும்பவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு நூறு.

ஞாயிறு பத்து மணிபோல, படத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினியர் போனில் பேசினார். மாடிப்படியடி இருட்டாக இருக்கிறதாம், அதைத் திருத்தட்டாம். மற்றது நல்லதாம். இன்னும் இரண்டு வீடு அனுப்புகிறாராம்.

மகள் போனை வைத்துவிட்டு, உடனேயே இன்னொரு இலக்கத்தை அமத்தினாள். தொழிற்சாலைப் பொறுப்பாளர்.

"அக்கா, நாளைக்கு நான் வரேல்லை... ஓம். இல்லை, வருத்தம் ஒண்டுமில்லை. வேறை ஆளை எடுங்கோ."

புது வீட்டின் பிளான் திரைக்கு வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது ரெண்டு மாடி, அம்மா. பெட்டி நல்லாய்ச் சூடாகும்."

"சூடானால் நிப்பாட்டு. ஆறட்டும்," என்றேன். "எங்களுக்கு இப்ப என்ன அவசரம்?"